மறு கன்னமும் ஓங்கிய குடமும்

சேரியில் அடி விழுந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்ன பிரசங்கம் இருக்கும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மறு கன்னத்தைக் காட்ட வேண்டும், கணக்குப் பார்க்காமல் மன்னிக்க வேண்டும், பழிவாங்கும் வேலையை ஆண்டவரிடம் விட்டுவிட வேண்டும். இவை எல்லாமே வேதத்தில் உள்ளவைதான். ஆனால் இந்தப் பிரசங்கம் அடி வாங்கியவர்களுக்கு மட்டும் ஏன் செய்யப்படுகிறது? அடித்தவர்களும் கிறிஸ்தவர்களாக இருக்கும் ஊர்களில், அவர்கள் உட்காரும் பக்கம் திரும்பி, ஓங்கிய கையைக் கீழே இறக்குங்கள் என்று எத்தனை பங்குச் சாமியார்கள், எத்தனை போதகர்கள் சொல்லியிருக்கிறார்கள்?

அடிக்க வருபவனின் கையைப் பிடிப்பது பாவமா என்பது நம் பிள்ளைகளுக்கு வெறும் மறைக்கல்விக் கேள்வி அல்ல. பைக்கில் ஊர்த் தெருவைத் தாண்டும்போதும், கல்லூரிப் பேருந்தில் சன்னலோர இருக்கையில் உட்காரும்போதும், கபடிப் போட்டியில் ஜெயித்துவிட்டு வீடு திரும்பும்போதும் அவர்கள் முன் நிற்கும் கேள்வி. இதற்கு இரண்டு தவறான பதில்கள் புழக்கத்தில் உள்ளன. எதுவானாலும் பொறுத்துப் போ என்பது ஒன்று. அடித்தவனைத் தேடிப் போய் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடு என்பது மற்றொன்று. கிறிஸ்தவ மரபை ஒழுங்காகப் படித்தால் இரண்டுக்கும் அங்கே இடமில்லை. நாட்டின் சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது.

காரம்சேடு சொன்ன சேதி

ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்தில் அன்று இருந்த ஊர் காரம்சேடு. தலைநகரான ஓங்கோலைச் சுற்றிய அந்தப் பகுதி கிறிஸ்தவம் வேர்விட்ட மண். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் அங்கே ஞானஸ்நானம் பெற்றனர். பெரும்பாலானோர் தோல் வேலை செய்த மாதிகர்கள். ஆண்டவர் முன் எல்லோரும் சமம் என்று கேட்டுத்தான் அவர்கள் வந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் ஊருக்குள் அந்தச் சமம் வந்தபாடில்லை.

1985 ஜூலை 16. மாதிகர்கள் குடிநீர் எடுக்கும் குளத்தை, எருமைகளைக் கவனிக்க வந்த ஆதிக்கச் சாதி இளைஞர்கள் அசுத்தம் செய்தார்கள். மாதிக இளைஞர் ஒருவர் தட்டிக்கேட்டார். அவருக்கு அடி விழுந்தது. தண்ணீர் எடுக்க வந்திருந்த சுவார்த்தா என்ற பெண் குறுக்கே போனார். அவரையும் அடிக்கப் பாய்ந்தபோது, கையிலிருந்த குடத்தையே ஓங்கித் தன்னைக் காத்துக்கொண்டார். சுவார்த்தா என்றால் தெலுங்கில் நற்செய்தி என்று பொருள்.

அந்தக் குடத்துக்கான பதில் மறுநாள் காலை வந்தது. ஆயுதங்களோடு ஒரு கூட்டம் மாதிகர் குடியிருப்புக்குள் புகுந்தது. ஆண்கள் ஆறு பேர் கொல்லப்பட்டனர், பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். தப்பியவர்கள் சீராலா நகரத்துக்கு ஓடி, அங்கிருந்த தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். அந்த முகாமிலிருந்து எழுந்த போராட்டம்தான் ஆந்திரத்தில் தலித் மகாசபை உருவாகக் காரணமானது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வழியமைத்த நிகழ்வுகளில் காரம்சேடும் ஒன்று. உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வர 2008 ஆகிவிட்டது. 23 ஆண்டுகள்!

இதில் நாம் பார்க்க வேண்டியவை இரண்டு. சுவார்த்தா குடத்தை ஓங்கியதில் ஒரு குற்றமும் இல்லை. தன் மேல் பாய்ந்த அடியைத் தடுத்தார், அவ்வளவுதான். அதே சமயம், தலித் ஒருவரின் தற்காப்பு அந்த இடத்தோடு முடிவதில்லை. தங்களை எதிர்த்து ஒரு குடம் உயர்ந்ததையே ஆதிக்கம் அவமானமாக எடுத்துக்கொண்டு, ஊரையே தண்டிக்கக் கிளம்பியது. ஆகவே நம்மைப் பொறுத்தவரை தற்காப்பு என்பது அந்த ஒரு நிமிடத்துக் கைகலப்பு மட்டுமல்ல. மறுநாள் காலை வரப்போகும் கூட்டத்துக்கு எதிராக இன்றிரவே என்ன செய்கிறோம் என்பதும் அதில் அடங்கும்.

வேதத்தில் என்ன இருக்கிறது

பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு. இரவில் கன்னமிட்டு நுழைந்த திருடனை வீட்டுக்காரர் அடித்து அவன் செத்தால், வீட்டுக்காரர் மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்த பிறகு அடித்துக் கொன்றால் இரத்தப்பழி உண்டு. இருட்டில் வந்தவன் திருடவா கொல்லவா என்று தெரியாது, கூப்பிட்டால் ஓடிவர ஆளும் இராது. பகலில் இரண்டுக்கும் வழி இருக்கிறது. தற்காப்புக்கு உரிமையும் உண்டு, எல்லையும் உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நெகேமியா புத்தகத்தில், எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டியவர்கள் தாக்குதல் மிரட்டலுக்கு நடுவில் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாக நின்றார்கள். இராக்காவல் போட்டார்கள். ஆனால் யார் ஊர் மேலும் படையெடுத்துப் போகவில்லை. மதிலைக் கட்டி முடித்தார்கள்.

இனி மறு கன்னத்துக்கு வருவோம். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு வெறுமனே கன்னம் என்று சொல்லவில்லை, வலது கன்னம் என்கிறார். எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் வலது கையால் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். அமெரிக்க வேத அறிஞர் வால்டர் விங்க் இதை எடுத்துக்காட்டினார். புறங்கை அறை சண்டைக்கான அடி அல்ல. எஜமான் அடிமையை அறைவது, மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு அவன் இடத்தை நினைவூட்டுவது. அப்படி அறை வாங்கியவர் குனிந்து போகாமல் நிமிர்ந்து இடது கன்னத்தைக் காட்டினால், மறுபடி புறங்கையால் அறைய முடியாது. ஒன்று கையை இறக்க வேண்டும், அல்லது சமமானவனை அடிப்பதுபோல அடிக்க வேண்டும். நான் உனக்குக் கீழானவன் இல்லை என்பதைக் கையை ஓங்காமலே சொல்லும் வழி அது என்பது விங்கின் விளக்கம். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் புறங்கை அறை என்றால் என்னவென்று நம் தாத்தாக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பண்ணையில் வேலை பார்த்த கன்னங்களுக்கு அது தெரியும்.

இயேசுவே அறை வாங்கியபோது என்ன செய்தார்? யோவான் 18ஆம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியன் முன் நிற்கும்போது காவலன் ஒருவன் அவரை அறைகிறான். அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை, திருப்பி அறையவும் இல்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று விசாரணை நடக்கும் இடத்திலேயே கேள்வி கேட்டார். நம் பிரசங்கங்களில் மத்தேயு 5 வரும் அளவுக்கு யோவான் 18 வருவதில்லை.

பேதுருவின் வாள் இன்னொரு இடம். கெத்செமனே தோட்டத்தில் பேதுரு வாளை உருவி ஒருவனின் காதை வெட்டியபோது, வாளை உறையில் போடச் சொன்னார் இயேசு. லூக்கா எழுதியபடி, வெட்டுப்பட்ட காதையும் குணமாக்கினார். ஆயுதம் தவறு என்பவர்கள் இதைக் காட்டுவார்கள். சற்று முன்புதான் வாள் இல்லாதவர் வாங்கிக்கொள்ளச் சொன்னார் என்று மற்றவர்கள் பதில் சொல்வார்கள். இரண்டும் லூக்கா 22ஆம் அதிகாரத்திலேயே உள்ளன. இந்த வாதம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது, இன்னும் முடியவில்லை.

பவுல் தன்னைக் காத்துக்கொண்ட விதத்தைப் பற்றி அப்படி ஒரு சண்டை கிடையாது. அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை என்று 40க்கும் மேற்பட்டோர் சபதம் எடுக்கிறார்கள். பவுலின் சகோதரி மகனுக்குச் செய்தி எட்டுகிறது. அந்தப் பையன் கோட்டைக்கு ஓடிவந்து பவுலிடம் சொல்கிறான். எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று பவுல் சும்மா இருக்கவில்லை. பையனை நேரே சேனாபதியிடம் அனுப்பித் தகவல் சொல்லவைத்தார். அன்றிரவே 200 போர்ச்சேவகர், 70 குதிரை வீரர், 200 ஈட்டிக்காரர் பாதுகாப்போடு பவுல் செசரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். 470 பேர்! பிற்பாடு உள்ளூரில் நீதி கிடைக்காது என்று தெரிந்தபோது இராயனுக்கே மேல்முறையீடு செய்தார். அதற்கு முன் பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், இரகசியமாகப் போய்விடச் சொன்னபோது அவர் மறுத்தார். அவர்களே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்றார். குடியுரிமையைக் கேடயமாக எடுத்த முதல் கிறிஸ்தவர்களில் ஒருவர் பவுல்.

சபைப் பெரியவர்கள் சொன்னது

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகுஸ்தீனுக்குத் தற்காப்பில் தயக்கம் இருந்தது. தன் உயிருக்காக மட்டும் ஒருவனைக் கொல்வதை அவர் ஏற்கவில்லை. பிறரைக் காப்பதும், பொதுப் பொறுப்பில் இருப்பவர் காப்பதும் வேறு என்றார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் ஒரு படி தெளிவாக்கினார். நோக்கம் உயிரைக் காப்பதாக இருக்க வேண்டும், கொல்வதாக இருக்கக் கூடாது. தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தினால் அது தப்பு, அளவோடு தடுத்தால் தப்பில்லை. அடுத்தவன் உயிரைவிடத் தன் உயிரைக் காக்கும் கடமை ஒருவனுக்கு அதிகம் என்றும் சொன்னார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைப் பின்பற்றி, மற்றவர்களின் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமல்ல, கடமையும் ஆகலாம் என்கிறது.

அதாவது, பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, கதவருகே தடியோடு நிற்கும் தாய் பாவம் செய்யவில்லை. இதைச் சொல்வது ஏதோ புரட்சிக்காரர் அல்ல, ரோமாபுரித் திருச்சபையின் அதிகாரப்பூர்வமான போதனை. நம் ஊர்ப் பிரசங்க மேடைக்கு இது ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் கேள்வி.

எந்த நிலையிலும் கை ஓங்குவதில்லை என்ற கிறிஸ்தவர்களும் உண்டு. மென்னோனைட்டுகள், குவேக்கர்கள் போன்றோரை அமைதிச் சபைகள் என்பார்கள். 1569இல் நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டுத் தப்பி ஓடினார். அவரைத் துரத்திவந்தவன் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தான். வில்லெம்ஸ் திரும்பி வந்து அவனைக் காப்பாற்றினார். அதனாலேயே பிடிபட்டு உயிரோடு எரிக்கப்பட்டார். இந்த மரபைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லெம்ஸ் தானே அதைத் தேர்ந்தெடுத்தார். கரையில் பத்திரமாக நின்றுகொண்டு அவரைத் திரும்பிப் போகச் சொல்லி யாரும் பிரசங்கம் செய்யவில்லை. தியாகத்தை ஒருவர் தனக்காகத் தேர்ந்தெடுக்கலாம், அடுத்தவர் முதுகில் ஏற்ற முடியாது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகள் இந்தக் கேள்வியை நம்மைப் போலவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தித்தன. 1956 ஜனவரி 30 அன்று மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. வாசலில் கோபத்தோடு கூடிய கூட்டத்தை அவர் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பினார். அதே கிங் அந்த நாட்களில் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், அரசு மறுத்தது. பிறகு அவரே துப்பாக்கியை விட்டுவிட்டார். 1959இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தலைவரோடு எழுத்தில் விவாதித்தபோது, வீட்டையும் உயிரையும் காப்பது எல்லாச் சமூகங்களும் ஏற்றுக்கொண்ட ஒன்றுதான் என்று கிங் ஒப்புக்கொண்டார். வன்முறையையே விடுதலைக்கான வழியாக்கித் திட்டமிட்டு இறங்குவதைத்தான் அவர் எதிர்த்தார்.

1964இல் லூசியானா மாநிலத்தின் ஜோன்ஸ்பரோ ஊரில் கறுப்பினத்தவர் சிலர், இராணுவத்தில் இருந்து திரும்பியவர்களும் சேர்ந்து, ஒரு காவல் குழு அமைத்தார்கள். சபை மூப்பர்களைக் குறிக்கும் டீக்கன் என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். இரவில் தெருவைக் காத்தார்கள், உரிமைப் போராளிகளுக்குத் துணையாகச் சென்றார்கள். 1966இல் மிசிசிப்பியில் கிங்கும் சேர்ந்து நடத்திய பேரணிக்கும் அவர்கள் காவல் இருந்தார்கள். அவர்கள் வெள்ளையர் குடியிருப்புகள் மேல் படையெடுக்கவில்லை. தங்கள் தெருவில் விழித்திருந்தார்கள்.

நம் நாட்டில் 1927 மார்ச்சில் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை மக்களோடு பருகிய பின், ஆதிக்கச் சாதியினர் மக்களைத் தாக்கினர். அங்கே இராணுவத்தில் இருந்த மகர்கள் பலர் இருந்தார்கள், திருப்பி அடிக்கத் துடித்தார்கள். அம்பேத்கர் தடுத்தார். பயத்தால் அல்ல. அடித்தவர்கள் மேல் வழக்குப் போட்டு, தண்டனை வாங்கிக் கொடுத்தார். குளத்து நீரில் உரிமை உண்டு என்ற வழக்கையும் 1937இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அடக்கமாக இருப்பதற்கும் அடங்கிப் போவதற்கும் உள்ள வேறுபாட்டை மகாடில்தான் கற்க வேண்டும்.

யாருக்கு இந்தப் பிரசங்கம்

2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்தில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். தாக்கியவர்களும் அதே மாதாவை வணங்கியவர்கள்தான். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் சவங்களைப் பிரித்து வைத்த சுவர் ஒன்று உண்டு. இறந்தவர்களுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பிய சபை, உயிரோடு இருப்பவர்களிடம் மறு கன்னத்தைப் பற்றிப் பேசும்போது கேட்பவர்களுக்குக் கசக்கத்தான் செய்யும்.

மன்னிப்பு பெரிய காரியம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மன்னிப்பு அடி நின்ற பிறகு வருவது. அடி விழுந்துகொண்டிருக்கும்போது தேவைப்படுவது தடுப்பு. இரண்டையும் குழப்புகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அடிப்பவன் பக்கம் நிற்கிறார்கள்.

சட்டம் தரும் உரிமை, சட்டம் விட்ட ஓட்டை

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பழைய சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் காக்கலாம். தன் சொத்தையும் பிறர் சொத்தையும் திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து காக்கலாம். உயிர் போகும் அச்சம், கொடுங்காய அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு போன்ற சில நிலைகளில் இந்த உரிமை தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்கும் நீளும். சூரியன் மறைந்த பின் வீட்டை உடைத்து நுழைபவன் விஷயத்தில் சட்டம் தனியாகப் பேசுகிறது. யாத்திராகமத்தின் இரவுத் திருடன் நினைவுக்கு வருகிறானா?

எல்லைகளும் தெளிவாக இருக்கின்றன. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் காயம் செய்யக் கூடாது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. ஆபத்தின் அச்சம் இருக்கும்வரைதான் உரிமை, அச்சம் போனதும் உரிமையும் போய்விடும். அவன் ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தாக்குதல். மறுநாள் ஆள் சேர்த்துக்கொண்டு அவன் தெருவுக்குப் போனால் அது பழிவாங்கல். அதே சமயம், முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நியாயமான அச்சமே போதும் என்று 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. உயிர் போகும் நேரத்தில் ஒருவர் கையை ஓங்கிய வேகத்தைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்க முடியாது என்பதும் நீதிமன்றங்கள் பலமுறை சொன்னதே.

ஆனால் காவல் நிலையத்தில் நடப்பது வேறு. தலித் தரப்பு புகார் கொடுத்தால், எதிர்த் தரப்பிடமும் ஒரு புகார் வாங்கி எதிர் வழக்கு போடுவது நம் ஊர்களில் பழகிப்போன ஒன்று. தடுத்தவரும் குற்றவாளி, தாக்கியவரும் குற்றவாளி. கடைசியில் சமாதானம் பேசி இரண்டையும் முடித்துவிடுவார்கள். அதனால்தான் நம் பையன்கள் கையில் இருந்த கல்லையும் கட்டையையும் வைத்தே அவர்களது படிப்பும் வேலையும் பறிக்கப்படுகின்றன.

தலித் கிறிஸ்தவருக்கு இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் 3ஆம் பத்தி, இந்துவாக இல்லாதவரைப் பட்டியலில் இருந்து விலக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். சென்னையில் செருப்புத் தைத்த ஒரு தலித் கிறிஸ்தவர் தொடுத்த சூசை வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே சாதி இழிவு அதே அளவில் தொடர்கிறது என்று காட்டப் போதிய சான்று இல்லை என 1985இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. காரம்சேடு நடந்த அதே ஆண்டு! 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மத வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறிஸ்தவராகிவிட்ட ஒரு போதகர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் நம் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஓங்கும் கைக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் கண்ணில் படுவதில்லை. அடிக்கும்போது சாதி பார்ப்பவர்கள், வழக்கு என்று வந்ததும் மதம் பார்க்கிறார்கள்.

ஆகவே தலித் கிறிஸ்தவர் மூன்று பக்கமும் அடைபட்டு நிற்கிறார். ஊர் அடிக்கிறது, சபை பொறுக்கச் சொல்கிறது, சிறப்புச் சட்டம் நீ எங்கள் ஆள் இல்லை என்கிறது. அவருக்கு மிஞ்சியிருப்பது எல்லோருக்கும் பொதுவான தற்காப்பு உரிமையும், தன் தெருவின் ஒற்றுமையும்தான்.

பவுலின் வழி

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தற்காப்பு என்றதும் கையில் எதை எடுப்பது என்றே யோசிக்கிறோம். பவுல் முதலில் எடுத்தது தகவலை. மிரட்டல் வந்தால், கூட்டம் சேர்கிறது என்று தெரிந்தால், உடனே 100 அல்லது 112க்கு அழையுங்கள். அழைத்த நேரத்தை எழுதிவையுங்கள். உதவியை நாடினோம், வரவில்லை என்பதற்கு அதுவே நாளை சான்று. பாதுகாப்புக் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து இரசீது வாங்குங்கள். காயம்பட்டால் எவ்வளவு சிறியதானாலும் அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள். அடித்தவர் யார், என்ன சொல்லி அடித்தார் என்பதை மருத்துவரிடமே சொல்லுங்கள். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரை அணுகலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை.

முக்கியமான இன்னொன்று. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, சாதி வன்கொடுமைக்கு ஆளானவர் எவரும் இலவச வழக்கறிஞர் உதவி கேட்கலாம். அங்கே சாதிச் சான்றிதழில் என்ன மதம் என்பது தடையில்லை. பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

சபைகளுக்கும் வேலை இருக்கிறது. அடி விழுந்த இரவில் பங்குச் சாமியாரோ போதகரோ செய்ய வேண்டியது மன்னிப்புப் பிரசங்கத்துக்குக் குறிப்பெடுப்பது அல்ல. காவல் நிலையத்துக்கு மக்களோடு நடந்து போவது. சீராலாவில் திறந்ததுபோல வளாகத்தின் கதவைத் திறப்பது. மறை மாவட்டத்திலும் பேராயத்திலும் உள்ள வழக்கறிஞர்களைக் கூப்பிடுவது. அடித்தவர் தன் சபையைச் சேர்ந்தவரானால், அவரை அழைத்து இயேசு கேட்ட அதே கேள்வியைக் கேட்பது. ஏன் அடித்தாய்?

பழிவாங்கப் போகாதே என்று நம் பிள்ளைகளைத் தடுக்கும் கடமை நமக்கு இருக்கிறது. அதைச் சொல்லும் தகுதி, அவர்கள் மேல் அடி விழாமல் காக்கக் கூடவே நின்றவர்களுக்குத்தான் வரும். அதுவரை, தன் மேல் பாயும் கையைத் தடுக்கும் எந்தப் பிள்ளையையும் பாவி என்று சொல்ல எந்த மேடைக்கும் உரிமை இல்லை.